சீரோடு போன சர்க்கார் பெட்டி

அத்தியாயம் 17

கடப்பாரையும் கையுமாக ஷோபாவை ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

எதிரே ஆளுயர மரப்பெட்டி. பலகையைப் பெயர்த்தாகிவிட்டது. உள்ளே இருக்க வேண்டியது டிரையர். இருந்ததோ இரண்டு மூட்டை உமி, உடைந்த ஆட்டுக்கல் ஒன்று, அதன்மேல் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பல்லி.

டிரையர் என்றால் ஏதோ தலைமுடி காயவைக்கிற சாமான் இல்லை. கார்வேட்டிநகரத்து மகளிர் சங்கத்துக்கு டில்லி சர்க்கார் மானியமாகக் கொடுத்தது. பளபளவென்று எவர்சில்வர் உடம்பு, இரட்டைக் கதவு. மாம்பழச் சாற்றைத் தட்டுத் தட்டாக ஊற்றி உள்ளே தள்ளினால் தாண்ட்ராவாக, அதாவது மாம்பழ அடையாக, காயவைத்துக் கொடுக்கும். சங்கத்துச் செயலாளர் ஷோபா. 'இயந்திரம் வந்து சேர்ந்தது, எங்கள் ஷெட்டில் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது' என்று கையெழுத்துப் போட்டு டில்லிக்கு அனுப்பியவளும் அவள்தான்.

போட்ட அன்றைக்கு அது சத்தியம். கம்பெனி ஆட்கள் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு ஷெட்டுக் கூரை ஒழுகவே, ஓடு மாற்றும் வரைக்கும் மறுபடி மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்தார்கள். ஷெட்டுச் சாவி மாமனார் நாகேந்திரனின் இடுப்பில்.

"மாமா!"

அந்தக் கூப்பாடு புத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக்கூடத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். நாகேந்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மரப்பெட்டியைப் பார்த்தார். பல்லியைப் பார்த்தார். அதற்கப்புறம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷினு எங்க மாமா?"

"பத்தரமா கீது."

"எங்க பத்தரமா கீது?"

"வரதய்யபாளையத்துல."

வரதய்யபாளையத்தில்தான் அவர் மகள் தரணி போன மாதம் வாழப் போனாள்.

பின்னாலேயே வந்த மாமியார் செங்கம்மா கன்னத்தில் கை வைத்தாள். "ஐயையோ! சீர் லாரில மாவெல கட்டிக்கினு போச்சே, அந்தப் பெரிய பிரிட்ஜா?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற?" நாகேந்திரன் பெண்டாட்டி மேல் பாய்ந்தார். மருமகளிடம் பாய முடியாத இடத்தில் அவருக்கு அதுதான் வழக்கம். "நிச்சயத்துல பெரிய பிரிட்ஜுன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டேன். நீதான் பேண்டு செட்டு வோணும், வாணவேடிக்க வோணும்னு குதிச்ச. பிரிட்ஜு துட்டு வானத்துல வெடிச்சுப் பூடுச்சு. வெறுங்கையோட எம் பொண்ண அனுப்பச் சொல்றியா?"

"அதுக்கு? சர்க்கார் சொத்த சீர் குடுத்தீங்களா மாமா?"

"நம்ம சங்கம், நம்ம ஷெட்டு, நம்ம பொண்ணு. இதுல சர்க்கார் எங்க வந்துச்சு?"

சர்க்கார் வந்தது. போனில் வந்தது.

"ஷோபா காரு, நமஸ்காரம்!" திருப்பதி திட்ட அலுவலகத்து நாகபூஷணம். கல்யாணப் பத்திரிகை வைக்கிற உற்சாகத்தில் பேசுவார். "நாளைக்கு தனிக்கி, அதான் இன்ஸ்பெக்ஷன், கன்ஃபர்ம். டில்லி சார் இன்னைக்கு மத்தியானம் சென்னைல எறங்கறாரு. நானே போயி கார்ல கூட்டிக்கினு வர்றேன். ராத்திரி திருப்பதி, காலைல தரிசனம், நேரா உங்க ஷெட்டுதான். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள மிஷின் போட்டோ ஒண்ணு ஆப்புல ஏத்திடுங்க. போர்டு தெரியணும். லொகேஷன் அதுவே விழும். டில்லி சார் கார்லயே பாப்பாரு."

"மிஷின் கொஞ்சம்... எடம் மாத்தி வச்சா பரவால்லையா சார்?"

"ஜில்லா தாண்டக் கூடாது மேடம். தாண்டினா மானியம் மொத்தம் வட்டியோட திரும்ப. சங்கத்துக்குக் கறுப்பு முத்திரை. இருவது பேரு லோனும் பேங்க்ல நிக்கும். சைன் பண்ணவங்க மேல கேஸு." சிரித்தார். "உங்களுக்கு எதுக்கு அந்தக் கவல? உங்களுது மாடல் யூனிட்!"

போன் வைத்தாயிற்று. கார்வேட்டிநகரம் சித்தூர் ஜில்லா. வரதய்யபாளையம், ஜில்லாவைப் பிரித்ததிலிருந்து, திருப்பதி ஜில்லா.

ஷோபா ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தாள். பல்லி மரியாதையாக நகர்ந்து இடம் விட்டது. போட்டோவையாவது யோசிக்கலாம் என்று ஆப்பைத் திறந்தால், அது ரகசிய எண் கேட்டது. அந்த எண் தரணியின் போனுக்குப் போகும். கல்யாணத்துக்கு முன்னால் சங்கத்து வேலையைப் பார்த்தவள் தரணிதான். கல்யாண அவசரத்தில் நம்பரை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. மிஷினும் போய், மிஷினின் சாவி மாதிரியான அந்த எண்ணும் கூடவே தாலி கட்டிக்கொண்டு போய்விட்டது.

"தரணிக்குப் போன் போடறேன்."

"போடாத!" நாகேந்திரன் அலறினார். "அந்த வூட்ல எல்லாரும் ஸ்பீக்கர்லதான் பேசுவாங்க. சம்மந்தியம்மா காதுல வுழுந்துச்சு, நான் நாண்டுக்கினு சாவணும்."

ஷோபாவின் புருஷன் வேணு நாயுடுபேட்டை மில்லில் ஷிப்டில் இருந்தான். உள்ளே போன் கிடையாது. அவன் வெளியே வருவதற்குள் குடும்பமே உள்ளே போயிருக்கும்.

யோசனை செங்கம்மாவிடமிருந்து வந்தது. "ஆஷாடம் பொறந்துடுச்சே. புதுப்பொண்ண அழைக்க வந்தோம்னு சொல்லுங்களேன்."

"நமக்கு ஆடிதானேடி? ஆடி பொறக்க இன்னும் நாளு கீதே."

"ஊர்ல அத்தினி பேரும் தெலுங்கு மாசத்துக்குத்தான் பொண்ண அழைச்சுக்கினு வர்றாங்க. ஒரு வருசம் நாமளும் தெலுங்காப் பூடுவோம். உசுரா போவுது?"

அடுத்த நிமிஷம் பச்சையப்பனின் மினி லாரி வாசலில் நின்றது. செங்கம்மா ஒரு தட்டில் பூ, பழம், அவசரத்துக்குத் தன் பெட்டியிலிருந்தே எடுத்த மடிப்புக் கலையாத புடவை எல்லாம் வைத்துக் கொடுத்தாள். பச்சையப்பன் அந்தத் தட்டைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான்.

"ஒரு பொண்ண அழைச்சுக்கினு வர்றதுக்கா இம்மாம் பெரிய வண்டி? பொண்ணு அவ்ளோ ஊதிடுச்சா?"

"வண்டிய எடுடா," என்றார் நாகேந்திரன்.

புத்தூர் தாண்டி, நாகலாபுரம் தாண்டி லாரி குலுங்கியது. மாமனார் வழிநெடுகப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். "சர்க்கார்னு ஒரு வார்த்த வரக் கூடாது. மானியம்னு வரக் கூடாது. சங்கம்னு வரவே கூடாது. சர்வீசுக்கு எடுத்துக்கினு போறோம்னு நான் சொல்லிக்கறேன்."

"போர்டப் பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சிருக்குமே மாமா? கதவு மேல இந்திய அரசுன்னு இத்தாப் பெரிசா கீதே?"

நாகேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது மேல பெருமாள் படம் ஒட்டிட்டேன்."

ஷோபா கண்ணை மூடினாள். இருபது பெண்களின் முகங்களும் ஒவ்வொன்றாக வந்து போயின. இவளை நம்பிக் கட்டைவிரல் மை வைத்தவர்கள். நாளைக்கு அவர்கள் ஷெட்டு வாசலில் புதுப்புடவை கட்டிக்கொண்டு, டில்லிக்காரருக்குப் போடுவதற்கு மாலையோடு நிற்பார்கள். அந்த மாலையைப் பல்லிக்குத்தான் போட வேண்டும்.

வரதய்யபாளையத்தில் சம்பந்தி கமலம்மா வீட்டு வாசலில் ஏறியதுமே பெட்டி தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? நடுக்கூடத்தில் மூலவர் மாதிரி நின்றது. நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம், கழுத்தளவில் கதம்பம், கதவில் சங்கு சக்கரத்தோடு திருப்பதிப் பெருமாள். முன்னால் அகல்விளக்கு. திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய் வேறு தொங்கியது.

"வாங்க சம்மந்தி! வாம்மா ஷோபா!" கமலம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் பட்டுப்புடவை எதற்கு என்று ஷோபாவுக்கு ஓடவில்லை. "இந்தத் தெருவுல வந்து கேளுங்க, கமலம்மா வூட்டுப் பெட்டின்னா சின்னக் கொழந்தயும் வழி சொல்லும். மொதல்ல இன்னாடா, பிரிட்ஜு சுடுதேன்னு பயந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இது பாரின் பிரிட்ஜு. வடகம் ஒரே மணி நேரத்துல காயுது! மழ நாள்ல தெருப் பசங்க யூனிபாரம் மொத்தம் இதுலதான். சுவிச்சப் போட்டா தெருவே மங்கிப் பூடும், யாராச்சும் ஒரு வார்த்த பேசுவாங்களா? பேச மாட்டாங்க!"

உள்ளேயிருந்து தரணி ஓடி வந்தாள். "நைனா! அண்ணி! அண்ணி, ஆபீஸ்லருந்து எனக்கு ஒரு மெசேஜு..."

"அப்புறம் பேசலாம், மொதல்ல தண்ணி குடு," என்றாள் கமலம்மா. தரணி உள்ளே திரும்பினாள். பெண்ணுக்கு முகம் தெளிந்து, கன்னம் பூசி, அழகாக இருந்தாள். புருஷன் திலீப் கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தான். மாமனார் ஆதிநாராயணன் வயலுக்குப் போயிருந்தார். இருந்திருந்தாலும் அந்த வீட்டில் பேசுவது கமலம்மா ஒருத்திதான்.

நாகேந்திரன் தட்டை நீட்டினார். "ஆஷாடத்துக்குப் பொண்ண அழைக்க வந்தோம் சம்மந்தியம்மா."

"நமக்கு ஆடிதானே?"

"ஊரோட ஒத்துப் போவலாம்னு..."

"சரி, கூட்டிக்கினு போங்க. சந்தோசம்."

"அப்படியே பெட்டியையும் ஒரு நட..."

"பெட்டியா?" கமலம்மா சிரித்துவிட்டாள். "பொண்ணுக்கு ஆஷாடம் சரி. பெட்டிக்கு இன்னா சம்மந்தி ஆஷாடம்? அதுக்கு மாமியாக்காரி ஆரு, நானா?"

"சர்வீசுக்கு..."

"ஓடுற பெட்டிக்கு இன்னா சர்வீசு? பெருமாள் ஏறி வந்து ஒக்காந்த பெட்டி. வூட்ட விட்டு எறக்கினா எம் புள்ளைக்கு ஆவுமா?" குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "குடுத்த சீர திருப்பிக் கேக்கறவங்க மொறைல நான் பொண்ணு எடுக்கல. விசயத்தச் சொல்லுங்க."

நாகேந்திரன் கூரையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு பல்லி இருந்தது. அதுவும் அவருக்கு உதவவில்லை.

சுவர்க் கடிகாரம் நாலடித்தது. ஆறு மணிக்குள் இந்த மலையைப் பெயர்த்து, ஜில்லா தாண்டி, ஷெட்டில் நிறுத்திப் போட்டோ எடுத்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால் தரணியின் வாழ்க்கை. சொல்லாவிட்டால் இருபது வீடு, கூடவே தன் கையெழுத்து. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழப்போகிறது.

எழுந்து போய்க் கிணற்றடியில் துண்டை நனைத்துக்கொண்டு வந்தாள். பெருமாளைக் கும்பிட்டாள். படத்தின் ஓரத்தில் ஈரத்துணியை ஒற்றினாள்.

"ஷோபா! வோணாம்மா!" நாகேந்திரனின் குரல் உடைந்தது.

டிரையர் சூட்டில் பசை ஏற்கெனவே இளகியிருந்தது. படம் கிழியாமல் கையோடு வந்துவிட்டது. அதைக் கண்ணில் ஒற்றிக் கமலம்மாவின் கையில் கொடுத்தாள்.

"பெருமாள் உங்களுக்குத்தான் அத்தே. பெட்டி எங்க சங்கத்துது."

கமலம்மா தெலுங்குதான் படித்தவள். போர்டில் தெலுங்கும் இருந்தது. கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினாள். "பா...ரத... பிரபுத்வம்." அடுத்த வரி. "மகிளா... சங்கம்... கார்வேட்டிநகரம்."

"நாளைக்கு டில்லிலருந்து தனிக்கிக்கு வர்றாங்க அத்தே. ஷெட்டுல இது இல்லன்னா இருவது குடும்பம் தெருவுக்கு வந்துடும். நான் ஜெயிலுக்குப் போவேன். பிரிட்ஜு உங்களுக்கு வரும். என் தாலி மேல சத்தியமா வரும்."

கமலம்மா நாகேந்திரனைப் பார்த்தாள். அவர் மீசை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கீழ்நோக்கித் தொங்கியது.

"தெருவே வந்து கும்புட்டுச்சு சம்மந்தி," என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "நான் தெனம் கற்பூரம் காட்டினேன். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானென்ன பிரிட்ஜையா கட்டிக்கினு அழப்போறேன்?"

கமலம்மா பெருமாள் படத்தை அகல்விளக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துக்கினு போங்க. தரணி, நீயும் ஏறு."

"அத்தே!"

"ஆஷாடம்னு வந்தாங்க இல்ல? ஆஷாடமாவே இருக்கட்டும். தெருவுக்கு அப்படித்தான் சொல்லுவேன். பிரிட்ஜு வர்றப்ப நீ வா. அதுக்கு முன்னால வராத."

தரணியின் கையிலிருந்த சொம்பு நழுவித் தண்ணீர் கூடமெங்கும் ஓடியது. கமலம்மா குனிந்து அதைத் துடைக்க ஆரம்பித்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பெட்டியைத் தூக்கத் தெருவே வந்தது. எட்டுப் பேர் தூக்கினார்கள், எண்பது பேர் யோசனை சொன்னார்கள். உள்ளே யாருடைய டிராயரோ காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

லாரியின் பின்பக்கம் பெட்டி. அதைப் பிடித்தபடி தரணி. பக்கத்தில் ஷோபா. முன்னால் நாகேந்திரன். பச்சையப்பன் சத்தியவேடு பக்கமாக லாரியை விரட்டினான்.

தரணி அழுது ஓய்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. போட்டோவ நெனச்சு நீங்க கவலப்படாதீங்க."

"எந்தப் போட்டோ?"

"அதான், ஆறு மணிக்குள்ள வோணும்னு மெசேஜு வந்துச்சே? மிஷினு எங்க இருந்தா இன்னா, போட்டோ போனா போதும்னு நான் அப்பவே ஏத்திட்டேன். சொல்ல வந்தேன், அத்த தண்ணி கொண்டாரச் சொல்லிட்டாங்க." ஈர முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "மத்தியானமே அனுப்பிட்டேன். அத்தையும் நிக்கறேன்னு சொல்லி பட்டுப்புடவ கட்டிக்கினு நின்னாங்க."

போனை நீட்டினாள். கமலம்மா, பட்டு, பூசணிக்காய், பெருமாள். கீழே பளிச்சென்று: வரதய்யபாளையம், திருப்பதி ஜில்லா.

ஷோபாவுக்கு அழுகைகூட வரவில்லை. படத்தை உரித்தது, கமலம்மாவின் மனதை உடைத்தது, இந்தப் பெண்ணை லாரியில் ஏற்றியது, எல்லாவற்றுக்கும் முன்னாலேயே காரியம் கெட்டுப் போயிருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது.

"ஷோபா காரு, எங்க இருக்கீங்க?" நாகபூஷணம். கல்யாணப் பத்திரிகைக் குரலைக் காணோம்.

"வ... வழில இருக்கேன் சார்."

"நாங்க வரதய்யபாளையத்துல இருக்கோம். டில்லி சார் கார்ல வரும்போதே போட்டோவப் பாத்தாரு. லொகேஷனு நாங்க போற ரோட்டு மேலயே விழுந்துச்சு. நாளைக்கு எதுக்கு, இப்பவே பாத்துட்டுப் போவலாம்னு எறங்கிட்டாரு. தெருவுல கேட்டா சின்னக் கொழந்த வழி சொல்லுது."

ஷோபா பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி இன்னும் சூடாக இருந்தது. "அந்த... அந்த அம்மா இன்னா சொன்னாங்க சார்?"

"காபி குடுத்தாங்க. வடகம் பொரிச்சாங்க. சார் ரெண்டாவது தட்டுல இருக்காரு. மிஷின் எங்கம்மான்னு கேட்டோம்." குரலைத் தணித்துக்கொண்டார். "ஆஷாடத்துக்குப் பொறந்த வூட்டுக்குப் போயிருக்குதாம் மேடம். கார்வேட்டிநகரம் சங்கம்தான் அதுக்குப் பொறந்த வூடாம். தனியா அனுப்ப மனசு இல்லாம மருமகளையும் தொணைக்கு அனுப்பியிருக்காங்களாம். டில்லி சாரு அத இங்கிலீஷ்ல எழுதிக்கினு இருக்காரு. ஆஷாடத்துக்கு என்ன ஸ்பெல்லிங்குன்னு என்னக் கேக்கறாரு!"

ஷோபா தரணியைப் பார்த்தாள். ஸ்பீக்கர் இல்லாமலே தரணிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அழுத கண் இமைக்காமல், லாரி விட்டு வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷினக் கண்ணால பாக்காம இன்னைக்குப் படுக்க மாட்டேன்றாரு மேடம். நீங்க இங்க திரும்பக் கொண்டு வர்றீங்களா, இல்ல நாங்க கார்வேட்டிநகரம் வரணுமா? இப்பவே சொல்லுங்க. சாரு கை கழுவப் போயிருக்காரு."

திரும்பினால் பெட்டி தப்பு ஜில்லாவில் பிடிபடும். ஆனால் பிரிட்ஜு வராமலே தரணி அந்த வாசலில் போய் நிற்கலாம், கமலம்மாவும் டில்லிக்காரர் முன்னால் வேண்டாமென்று சொல்ல மாட்டாள். நேரே போனால் பெட்டி ஷெட்டில் சேரும். தரணியும் பெட்டியோடு பெட்டியாக அங்கேயே சேருவாள்.

லாரி சத்தியவேடு கூட்ரோட்டில் வேகம் குறைந்தது. பச்சையப்பன் தலையை வெளியே நீட்டினான்.

"ஷோபாம்மா, பின்னால ஒரே சத்தமா கீது. வண்டிய இப்படியே வுடட்டுமா, திருப்பட்டுமா?"

முன்சீட்டிலிருந்து நாகேந்திரன் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தார். கூரையைப் பார்க்கவில்லை. லாரியின் பின்பக்கத்துக்குக் கூரை இல்லை.

"திருப்பு," என்றாள் ஷோபா.